தூக்கம் வராத மாத்திரை

போன மாதம் தாண்டிக்குடிப் பக்கம் ஒரு தோட்டத் தொழிலாளர் கூட்டத்துக்குப் போயிருந்தேன். கூலி உயர்வு பற்றிய கூட்டம். காப்பி பூத்திருந்தது, மிளகு எடுப்பும் நடந்துகொண்டிருந்தது. நான் பேச எழுந்த இரண்டாவது நிமிடமே தும்மல் பிடித்துக்கொண்டது. முன்னால் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் ஒன்று, இரண்டு என்று எண்ணி, பதினொன்றில் நின்றதும் கை தட்டினார்கள். கூலியைப் பற்றி நான் பேசியதற்குக்கூட அவ்வளவு கைதட்டல் கிடைக்கவில்லை.

கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது ஓர் அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "மாத்திரை போட்டுட்டுத்தான வந்த? ஆனா கண்ணு சொக்காம நின்னு பேசுற. நீ போடுற மாத்திரை தூக்கம் வராதா தம்பி?" என்று கேட்டார். "எங்களுக்குக் குடுக்குற குட்டி மாத்திரையப் போட்டா மத்தியானம் வரைக்கும் கண்ணு சொருகுது. போடாட்டி மூக்கு ஒழுகிக்கிட்டே இருக்கு. ரெண்டுல எத வச்சுக்கிட்டு இந்தச் சரிவுல ஏறி எறங்க?"

எழுதி அனுப்புகிறேன் அக்கா, மகளைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள் என்றேன். வழக்கமாக வன்கொடுமை வழக்கு, பஞ்சமி நிலம், இட ஒதுக்கீடு என்று எழுதுகிற இடத்தில் தும்மலைப் பற்றி எழுதுகிறானே என்று தோழர்கள் சிலர் நினைக்கலாம். அந்த அக்காவின் கேள்வி எங்கள் வீட்டில் இருபது வருடமாகக் கிடக்கிற கேள்வி. அதனால் எழுதுகிறேன்.

2006 தை மாதம். என் சித்தப்பா கீழ்மலையில் ஒரு தோட்டத்தில் மிளகு எடுத்துக்கொண்டிருந்தார். மிளகு எடுப்பது எப்படி என்று பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். காப்பிக்கு நிழலுக்காக வளர்த்த சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடி ஏற்றியிருப்பார்கள். மரம் நெட்டுக்குத்தாக நிற்கும். ஒற்றை மூங்கில் ஏணியைச் சாய்த்து, இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு, ஒரு கையால் ஏணியையும் மறு கையால் கொடியையும் பிடித்துக்கொண்டு ஏற வேண்டும். கயிறு கிடையாது, கீழே வலை கிடையாது. தரையும் சரிவு.

சித்தப்பாவுக்குத் தை, மாசி இரண்டு மாதமும் தும்மலும் கண் அரிப்பும் வரும். அந்த வருடம் தாங்க முடியாமல் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனார். சீட்டில் எழுதி, ஒரு பொட்டலத்தில் குட்டி மாத்திரைகள் கொடுத்தார்கள். காலை, மதியம், இரவு. என்ன வேலை பார்க்கிறாய் என்று யாரும் கேட்கவில்லை. முதல் நாள் ஒன்று போட்டும் நிற்கவில்லை என்று மறுநாள் காலையில் இரண்டாகப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். பத்து மணிக்கு விழுந்தார். தொடை எலும்பு முறிந்தது.

கங்காணி சொன்ன முதல் வார்த்தை, "காலையிலேயே ஏத்திட்டு வந்துட்டான்" என்பது. சித்தப்பா பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறவர். அப்போது அவர் சாராயத்தைத் தொட்டே எட்டு வருடம் ஆகியிருந்தது. அது ஊருக்கெல்லாம் தெரியும், கங்காணிக்கும் தெரியும். ஆனால் சேரிக்காரன் தள்ளாடி விழுந்தான் என்றால் காரணம் குடிதான் என்று முடிவு செய்ய இங்கே யாருக்கும் ஒரு நிமிடம்கூடத் தேவைப்படுவதில்லை. குடித்திருந்தால் மட்டும் கால் உடைந்தது நியாயமாகிவிடுமா என்பது வேறு கேள்வி.

இழப்பீடு கேட்கப் போனபோதுதான் சட்டத்தைப் படித்தேன். 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம். வேலையில் காயம்பட்டால் முதலாளி இழப்பீடு தர வேண்டும், ஆனால் மது அல்லது 'டிரக்ஸ்' மயக்கத்தில் இருந்ததே நேரடிக் காரணம் என்றால் தர வேண்டாம் என்று அதில் இருந்தது. மரணத்துக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் மட்டும் அந்த விலக்கு பொருந்தாது. நாங்கள் பார்த்த வக்கீல் சொன்னார், "குடிக்கவில்லை, மாத்திரை போட்டிருந்தார் என்று நீங்களே சொன்னால் எதிர்த் தரப்பு அதே வரியில் அடுத்த வார்த்தையைப் பிடித்துக்கொள்ளும்" என்று. ஆஸ்பத்திரி கொடுத்த சளி மாத்திரையும் கஞ்சாவும் ஆங்கிலத்தில் ஒரே சொல். அதை எதிர்த்து வாதாடியிருக்கலாம் என்று இப்போது தெரிகிறது. அன்று பயந்துவிட்டோம். மனுக் கொடுக்க இரண்டு வருட அவகாசம், அதுவும் கட்டுப் பிரிப்பதிலும் கடன் அடைப்பதிலும் போய்விட்டது.

அந்தக் குட்டி மாத்திரையின் பெயர் குளோர்பெனிரமின். சி.பி.எம். என்பார்கள். விஷம் இல்லை, மோசமான மருந்தும் இல்லை. ஒவ்வாமைக்குக் கொடுக்கப்படும் பழைய தலைமுறை மருந்து. மூளைக்குள் போய்விடும், அதனால் தூக்கம் வரும். முந்தின இரவு போட்டதன் மந்தம் மறுநாளும் இருக்கலாம். மேசையில் உட்கார்ந்து வேலை செய்கிறவர் ஒரு கொட்டாவி விட்டுவிட்டுப் போய்விடலாம். ஏணியில் நிற்கிறவருக்கு அது முடியாது.

இந்த நோய்க்கு ஆங்கிலத்தில் 'ஹே ஃபீவர்' என்று பெயர். ஹே என்றால் காய்ந்த புல், ஃபீவர் என்றால் காய்ச்சல். புல்லின் பூந்தூளுக்கு இதில் பங்கு உண்டு, காய்ச்சல் வராது. காற்றில் வரும் பூந்தூளையோ தூசியையோ பூஞ்சை விதைகளையோ உடம்பு எதிரி என்று நினைத்துச் சண்டைக்குப் போவதால் வருகிற தும்மல், ஒழுகல், அடைப்பு, கண் அரிப்பு. சித்த மருத்துவத்தில் பீனிசம் என்கிற சொல் ஏறக்குறைய இதைத் தொடும். நம் வீடுகளில் வெறும் 'சளி'தான்.

இந்த நோயின் வரலாற்றைப் படித்தபோது சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தது. 1819இல் லண்டன் மருத்துவர் ஜான் பாஸ்டாக் தனக்கே இருந்த இந்தத் தொல்லையை எழுதி மருத்துவச் சங்கத்தில் படித்தார். பிறகு ஆள் தேடி, 1828இல் 28 பேரின் விவரத்தை வெளியிட்டார். அத்தனை பேரும் நடுத்தர, மேல்தட்டு ஆட்கள். ஏழைகளில் ஒருவருக்கும் இது இருப்பதாகத் தெரியவில்லை என்று எழுதினார். 1873இல் சார்லஸ் பிளாக்லி, பூந்தூள்தான் காரணம் என்று தன் மூக்கிலேயே சோதித்து நிரூபித்தார். பெரிய வேலை அது. அவருக்கும் ஒரு குழப்பம்: பூந்தூளிலேயே புரளும் விவசாயிகளுக்கு ஏன் இது அதிகம் இல்லை, படித்தவர்களுக்கே ஏன் வருகிறது? அதன் பிறகு மோரல் மெக்கன்சி என்ற மருத்துவர், இந்த நோய் வருவதே ஆங்கிலேய இனத்தின் மேன்மைக்கு அடையாளம் என்கிற அளவுக்குப் போனார். தும்மலில்கூட உயர்வு தாழ்வு கண்டுபிடித்த சமூகம் நம்முடையது மட்டும் இல்லை என்பதில் ஒரு அற்ப ஆறுதல்.

ஏழைகளுக்கு இல்லை என்பதில் கொஞ்சம் உண்மையும் இருக்கலாம். சின்ன வயதிலிருந்தே மாடு, மண், வைக்கோலோடு வளர்கிற பிள்ளைகளுக்கு ஒவ்வாமை குறைவு என்று ஐரோப்பிய ஆய்வுகள் பிற்காலத்தில் காட்டியிருக்கின்றன. ஆனால் குறைவு என்பது வேறு, இல்லை என்பது வேறு. பாஸ்டாக்கின் வாசலுக்குத் தும்மிக்கொண்டு வந்து நிற்க எந்தக் கூலியாளால் முடிந்திருக்கும்? தும்மலுக்காக ஒரு நாள் கூலியை விட்டு வைத்தியரிடம் போகிறவர்கள் நம் ஊரிலும் எத்தனை பேர்?

அந்தக் காலத்துப் பணக்காரர்களுக்கு இதற்கு ஒரு வைத்தியம் இருந்தது. மலைக்குப் போய்விடுவது. அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் மலைகளில் கோடை முடியும்வரை தங்கியிருந்தார்கள். 1874இல் பெத்லகேம் என்ற மலையூரில் இந்த நோயாளிகள் ஒரு சங்கமே வைத்தார்கள். கொடைக்கானலும் இப்படி ஓடி வந்தவர்கள் உண்டாக்கிய ஊர்தான், ஓடியது வேறு நோய்களுக்குப் பயந்து என்பது மட்டும் வித்தியாசம். 1845இல் மதுரை அமெரிக்க மிஷன்காரர்கள், சமவெளியின் காய்ச்சலும் காலராவும் தங்கள் குடும்பங்களைக் கொண்டுபோவது தாங்காமல் இங்கே முதல் பங்களாக்களைக் கட்டினார்கள். காட் ரோடு வருவதற்கு முன் பெரியகுளம் பக்கத்திலிருந்து அவர்களையும் அவர்கள் பெட்டிகளையும் தோளில் சுமந்து ஏற்றியவர்கள் கூலிகள். அந்தப் பாதைக்குப் பெயரே கூலி காட். நல்ல காற்றுக்காக ஏறியவரின் பெயர் தெருவுக்கு இருக்கிறது. சுமந்தவருக்கு மூச்சு வாங்கியதா என்று எந்தக் குறிப்பிலும் இல்லை.

இன்றைக்கும் கொடைக்கானலைப் பற்றி எழுதுகிறவர்கள் தூய காற்று என்றே ஆரம்பிப்பார்கள். இங்கே பிறந்து இங்கேயே மூக்கு அடைபடுகிறவனுக்கு அது கொஞ்சம் கிண்டலாகப்படும்.

என்னுடைய தும்மலுக்குக் காரணம் வாட்டில் மரம் என்றுதான் பல வருடம் நம்பினேன். நீலகிரியில் சீகை என்பார்கள். மேல்மலைக்குப் போகிற வழியெல்லாம் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும், பூத்ததும் ஊரே மூக்கைப் பிடித்துக்கொள்ளும். ஆஸ்திரேலியாவில் இருந்து வந்த மரம். புல்வெளிகளை அழித்து வனத்துறை இதை நட்டதற்குக் காரணம் அதன் பட்டை. தோல் பதனிடப் பட்டைச் சாயம் வேண்டும். முன்பு ஆவாரம் பட்டையில் பதனிட்டார்கள், பிறகு வாட்டில் வந்தது. கீழே திண்டுக்கல்லில் தோல் ஷாப்புகள். அந்தத் தொட்டிகளில் இறங்கி நின்றவர்கள் யார் என்று இதைப் படிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, என் அம்மாவழித் தாத்தா அவர்களில் ஒருவர். குரோம் வந்ததும் பட்டைக்குத் தேவை குறைந்தது, மரம் மட்டும் நின்றுவிட்டது.

ஆனால் மரத்தின் மேல் நான் போட்ட பழி சரியில்லை. வாட்டில் பூந்தூள் தனித்தனித் துகளாக இருக்காது, பதினாறு சேர்ந்த கட்டியாக இருக்கும். கனம் அதிகம், காற்றில் அதிக தூரம் போகாது. மரத்தடியில் நின்றால் சிலருக்குத் தொல்லை வரலாம். ஆஸ்திரேலியாவிலேயே எல்லோரும் வாட்டிலைத் திட்டுவார்கள், பெரும்பாலும் உண்மையான காரணம் அதே நேரத்தில் பூக்கிற புல்தான் என்று மருத்துவர்கள் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். புல்லின் பூ கண்ணிலேயே படாது. பைன் மரத்தின் மஞ்சள் தூளும் அப்படித்தான், கார் மேலெல்லாம் படியும், மூக்கை அவ்வளவாகத் தொடாது.

மதுரையில் தோலில் குத்திப் பார்க்கிற சோதனை செய்துகொண்டபோது எனக்கு வந்த பதில் மூன்று: புல், வீட்டுத் தூசியில் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத பூச்சி, பூஞ்சை. முன்கையில் சின்னச் சின்னச் சொட்டுகள் வைத்து லேசாகக் குத்துவார்கள், கால் மணி நேரத்தில் ஒவ்வாதது தடித்துவிடும். போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒவ்வாமை மாத்திரையைச் சுமார் ஒரு வாரத்துக்கு முன்பே நிறுத்தச் சொல்வார்கள், இல்லாவிட்டால் எதுவும் தடிக்காது. எனக்கு முதல் தடவை யாரும் சொல்லவில்லை. பஸ் காசும் ஒரு நாளும் வீண்.

பழனி, ஒட்டன்சத்திரம் பக்கம் கீழே இறங்கினால் இன்னொரு ஆள் உண்டு, பார்த்தீனியம். அமெரிக்கக் கண்டத்துச் செடி, 1950களில் இந்தியாவில் கண்ணில் பட்டது, இறக்குமதிக் கோதுமையோடு வந்தது என்பார்கள். அதன் பூந்தூள் மூக்கையும் பிடிக்கும், செடி தோலையும் பிடிக்கும். முகம், கழுத்து, முழங்கை மடிப்பெல்லாம் தடித்துக் கறுத்துப்போகும். நூறு நாள் வேலையில் இதைப் பிடுங்க விடும்போது பெண்கள் வெறுங்கையால் பிடுங்குகிறார்கள். கையுறை இல்லாமல், பூத்த செடியைப் பிடுங்கவே கூடாது.

இனி மருந்துக்கு வருகிறேன். நான் மருத்துவர் இல்லை. இருபது வருடம் மூக்கைச் சிந்தியவன், எனக்கு எது கேட்டது எது கேட்கவில்லை என்று சொல்கிறேன்.

அம்மா நொச்சி இலை போட்டு ஆவி பிடிக்க வைப்பார். ஊருக்கு வரும் டூரிஸ்டுகள் வாங்கிப் போகிற யூக்கலிப்டஸ் தைலத்தை நாங்களும் கைக்குட்டையில் விட்டு மோந்தோம். பூம்பாறைப் பூண்டைப் பாலில் வேகவைத்துக் குடித்தோம். நொச்சி ஆவி அரை மணி நேரம் சுகமாக இருக்கும், இன்றும் பிடிக்கிறேன், அம்மாவின் ஞாபகத்துக்காகவும் பிடிக்கிறேன். ஆனால் ஒவ்வாமையை அது தடுப்பதில்லை. கொதிக்கிற பானையைக் குழந்தைகள் பக்கத்தில் வைக்காதீர்கள், சுட்டுக்கொண்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். தைலம் எனக்கு மூக்கை இன்னும் எரித்தது, விட்டுவிட்டேன். பூண்டு குழம்புக்கு நல்லது. புவிசார் குறியீடு வாங்கிய பூண்டுதான், தும்மலுக்கு அது மருந்தில்லை.

அம்மாவுக்கும் இதே தும்மல் உண்டு. ஒரு முதலாளி வீட்டு வாசல் பெருக்கிக்கொண்டிருந்தார். அந்த வீட்டார் சம்பந்தம் பேசக் கிளம்பியபோது அம்மா ஒற்றைத் தும்மல் தும்மிவிட்டார். பெருக்கிய தூசிதான் காரணம். வண்டியைத் திருப்பி நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கிளம்பினார்கள். அடுத்த நாளிலிருந்து வீட்டார் எழுந்திருக்கும் முன் விடியற்காலையிலேயே வந்து பெருக்கிவிட்டுப் போக வேண்டும் என்று உத்தரவு. மார்கழிக் குளிரில் நாலரை மணிக்கு அம்மா கிளம்புவது எனக்கு இன்றும் காதில் கேட்கிறது. அம்மா தும்மலை அடக்கப் பழகிக்கொண்டார், மூக்கைப் பிடித்து, வாயை மூடி. அது மருந்து இல்லை. காதும் தொண்டையும் கெடும், செய்யாதீர்கள்.

மாத்திரைகளில் சித்தப்பா விழுந்த பிறகு சி.பி.எம். பக்கம் நான் போகவில்லை. செட்ரிசின் 10 மில்லிகிராம், ஒரு நாளைக்கு ஒன்று. பலருக்குத் தூக்கம் குறைவு, சிலருக்கு நன்றாகவே வரும். எனக்கு வந்தது. இரவு படுக்கும்போது போட்டுப் பார்த்தேன், காலை பத்துவரை மந்தம். லோராடடினுக்கு மாறினேன், மந்தம் போயிற்று. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் அது இருக்கிறது. ஃபெக்ஸோஃபெனடின் என்று ஒன்று, தூக்கம் மிகக் குறைவு என்று பெயர் வாங்கியது. எனக்கு இப்போது அதுதான். அதில் ஒரு வேடிக்கை உண்டு. ஆரஞ்சு, ஆப்பிள் சாறோடு போட்டால் மருந்து உடம்பில் சரியாக ஏறாது. கமலா ஆரஞ்சு விளைகிற கீழ்மலையில் வாழ்ந்துகொண்டு, இரண்டு வாரம் ஆரஞ்சு தின்றுகொண்டே மாத்திரை கேட்கவில்லை என்று நான் புலம்பியிருக்கிறேன். வெறும் தண்ணீரில் போடுங்கள்.

எந்த மாத்திரையானாலும் முதல் முறை போடுவதை லீவு நாளில் போட்டுப் பாருங்கள். ஏணி, அரிவாள், மருந்தடிக்கும் பம்பு, வண்டி எதையும் தொடாத நாளில். உங்களுக்குத் தூக்கம் வருமா வராதா என்பது உங்கள் உடம்பு சொல்வதுதான், பக்கத்து வீட்டு அக்காவுக்கு வரவில்லை என்பது உங்களுக்குப் பொருந்தாது. சாராயத்தோடு சேர்க்கவே கூடாது. கர்ப்பிணிகள், சிறுநீர் அடைப்பு உள்ள வயதானவர்கள் கேட்காமல் போடக் கூடாது, பழைய குட்டி மாத்திரையை முக்கியமாக. மாண்டிலுகாஸ்ட் சேர்ந்த மாத்திரையை இங்கே சர்வசாதாரணமாக எழுதுகிறார்கள். தூக்கக் கேடு, மனச்சோர்வு, தற்கொலை எண்ணம்வரை சிலருக்கு வரலாம் என்று 2020இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் கடும் எச்சரிக்கை போட்டது, வெறும் தும்மலுக்கு மற்ற மருந்துகள் கேட்காதபோது மட்டும் கொடுங்கள் என்றது. போடுகிறவர்கள் வீட்டில் சொல்லி வையுங்கள்.

தும்மலுக்கும் ஒழுகலுக்கும் மாத்திரை கேட்கும். அடைப்புக்கு அவ்வளவாகக் கேட்காது. அடைப்புக்கு எனக்குக் கேட்டது மூக்கில் அடிக்கிற ஸ்டீராய்டு ஸ்பிரே, ஃபுளூட்டிகசோன் அல்லது மோமெட்டசோன். ஸ்டீராய்டு என்றதும் பயப்படுகிறார்கள். அளவு மிகக் குறைவு, மூக்கோடு நிற்பது. பயப்பட வேண்டியது அங்கங்கே 'ஒரே ஊசியில் சரியாகும்' என்று போடுகிறார்களே, அந்த ஸ்டீராய்டு ஊசிக்குத்தான். ஸ்பிரேயை அடித்ததும் எதுவும் நடக்காது. நான் மூன்று நாள் அடித்துவிட்டு ஏமாற்று வேலை என்று தூக்கிப் போட்டவன். தினமும் அடித்தால் முழுப் பலன் தெரிய இரண்டு வாரம்கூட ஆகும். தலையைக் கொஞ்சம் குனிந்து, வலது கையால் இடது மூக்கிலும் இடது கையால் வலது மூக்கிலும், நடுத்தண்டில் படாமல் வெளிப்பக்கமாகச் சாய்த்து அடிக்க வேண்டும். பலமாக உறிஞ்சினால் தொண்டைக்குப் போய்விடும். நடுத்தண்டில் பட்டால் ரத்தம் வரும். பூக்கிற காலத்துக்கு இரண்டு வாரம் முன்பே ஆரம்பித்தால் பாதித் தொல்லை வராமலே போகும். விலைதான் பிரச்சினை, ஒரு நாள் கூலி போய்விடும். மக்கள் மருந்தகம், முதல்வர் மருந்தகம் இரண்டிலும் கேட்டுப் பாருங்கள், அங்கே இருந்தால் விலை குறையும்.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொன்று, அடைப்பை உடனே திறக்கிற சொட்டு மருந்து. சைலோமெட்டாசோலின், ஆக்ஸிமெட்டாசோலின் என்று போட்டிருக்கும். ஒரே நிமிடத்தில் மூக்கு திறந்துவிடும், சொர்க்கம். நாலைந்து நாளுக்கு மேல் விட்டால் மருந்தே அடைப்பை உண்டாக்க ஆரம்பிக்கும், மறுபடி சொட்டு, மறுபடி அடைப்பு. மேல்மலையில் ஒரு டிரைவர் தோழர் ஒன்றரை வருடமாகச் சட்டைப் பையில் அந்தச் சொட்டு மருந்தோடு அலைந்தார். விடுவிக்க ஸ்பிரேயும் ஒரு மாதமும் தேவைப்பட்டது.

காசில்லாமல் செய்யக்கூடியது உப்புத் தண்ணீரில் மூக்கைக் கழுவுவது. ஒரு டம்ளர், சுமார் 240 மில்லி தண்ணீருக்கு அரை டீஸ்பூன் கல்லுப்பு. ஒரு மூக்கில் விட்டால் மறு மூக்கில் வரும். வேலை முடிந்து வந்ததும் செய்தால் அன்றைய தூசி அன்றே போகும். ஆனால் குழாயில் வருகிறதையோ ஓடைத் தண்ணீரையோ அப்படியே விடக் கூடாது. மூளையைத் தின்னும் அமீபா மூக்கு வழியாகத்தான் போகும், கேரளத்தில் 2024லும் 2025லும் அந்தக் காய்ச்சலில் ஆட்கள் செத்தார்கள். கொதிக்க வைத்து ஆற வைத்த தண்ணீர் மட்டுமே. சமவெளியில் கொதி வந்து ஒரு நிமிடம் போதும். கொடைக்கானலில் மூன்று நிமிடம் கொதிக்க விட வேண்டும். 2,100 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். இங்கே பருப்பு வேக நேரம் ஆகிறதே, அதே காரணம்.

ஒவ்வாமைக்கே உடம்பைப் பழக்குகிற சிகிச்சையும் உண்டு, ஊசியாகவோ நாக்கடிச் சொட்டாகவோ. மூன்று முதல் ஐந்து வருடம் எடுக்க வேண்டும். மதுரைக்குப் போய்வருகிற நாளையும் கூலியையும் கணக்குப் பார்த்து நான் ஆரம்பிக்கவில்லை. முடிந்தவர்கள் எடுக்கலாம். மூச்சில் விசில் சத்தம், இரவில் இழுப்பு, நெஞ்சு இறுக்கம் இருந்தால் அது தும்மல் கணக்கில் வராது, ஆஸ்துமாவாக இருக்கலாம், அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

இத்தனையும் சொல்லிவிட்டு, எல்லா டாக்டர்களும் சொல்கிற முதல் அறிவுரைக்கு வருகிறேன்: ஒவ்வாததைத் தவிருங்கள். பூக்கிற காலத்தில் வெளியே போகாதீர்கள், ஜன்னலைச் சாத்துங்கள், மெத்தை உறையைச் சுடுதண்ணீரில் துவையுங்கள், ஈரமான அறையில் படுக்காதீர்கள்.

லயத்து வீட்டுக்குள் வந்து இதைச் சொல்லிப் பார்க்க வேண்டும். ஒரே அறை. அதிலேயே விறகடுப்பு. ஜன்னலைச் சாத்தினால் புகை, திறந்தால் பூந்தூள். மழைக்காலத்தில் சுவரில் பச்சையாகப் பூஞ்சை, வெள்ளையடிப்பது முதலாளியின் இஷ்டம். கம்பளி காய நாலு நாள் ஆகும். புல் வெட்டுவதுதான் வேலை, புல்லைத் தவிர் என்றால் சோற்றைத் தவிர் என்று அர்த்தம். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடும் மருத்துவமும் தோட்ட நிர்வாகத்தின் கடமை என்றது, 5 ஹெக்டேரும் 15 ஆட்களும் இருந்தால். கீழ்மலையில் எத்தனையோ தோட்டங்கள் அந்தக் கணக்குக்குக் கீழே நின்றுவிடுகின்றன.

நகராட்சித் தூய்மைப் பணியாளர்களுக்காவது எழுத்தில் ஒன்று இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், குப்பை அள்ளுகிற ஒவ்வொருவருக்கும் சீருடை, கையுறை, மழைக்கோட்டு, காலணி, முகக்கவசம் தர வேண்டும் என்றன. சீசன் நேரத்தில் விடியற்காலையில் டூரிஸ்டுகள் போட்டுவிட்டுப் போனதைப் பெருக்குகிற அக்காக்கள் சேலைத் தலைப்பால் மூக்கைக் கட்டியிருப்பதை நான் பார்க்காத ஊரே இல்லை. பெருக்குவதற்கு முன் தண்ணீர் தெளித்தால் பாதித் தூசி எழாது. தெளிக்கத் தண்ணீரும் தர வேண்டும், நேரமும் தர வேண்டும். நல்ல முகக்கவசம் மருந்தைவிட மலிவு. கொரோனாவுக்கு அப்புறம் அதைக் கேட்டால் யாரும் சிரிப்பதில்லை, அதனால் துணிந்து கேளுங்கள்.

அக்காவுக்கு இதைச் சுருக்கி அனுப்பினேன். பத்து நாள் கழித்துப் போன் செய்தார். லோராடடின் வாங்கி ஞாயிற்றுக்கிழமை போட்டுப் பார்த்தாராம், தூக்கம் வரவில்லையாம், அடைப்பு மட்டும் அப்படியே இருக்கிறதாம். ஸ்பிரேயைப் பற்றிச் சொன்னேன். "அத நாலு பேரு சேந்து வாங்கி அடிச்சுக்கலாமா தம்பி?" என்றார். கூடாது அக்கா, ஒருத்தர் மூக்கில் வைத்ததை அடுத்தவர் வைக்கக் கூடாது என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

போன வாரம் ஒரு மனு எழுதினோம். அரசு ஆஸ்பத்திரிகளில் தூக்கம் குறைந்த ஒவ்வாமை மாத்திரையும் ஸ்பிரேயும் சீசன் முழுக்க இருப்பில் இருக்க வேண்டும், மாத்திரை எழுதும் முன் என்ன வேலை என்று கேட்டுச் சீட்டில் குறிக்க வேண்டும், உயரத்தில் ஏறுகிறவர்களுக்கும் அரிவாள் பிடிக்கிறவர்களுக்கும் தூக்க மாத்திரை கொடுத்தால் அன்றைக்கு ஓய்வு என்று எழுதித் தர வேண்டும். 43 பேர் கையெழுத்து, அதில் 12 கைநாட்டு. வாங்கிய அதிகாரி படித்துவிட்டு, "தும்மலுக்கெல்லாமா மனு?" என்றார். பதிவு எண் போட்டுக் கொடுங்கள் என்று நின்று வாங்கிக்கொண்டு வந்தோம்.

சித்தப்பாவும் கையெழுத்துப் போட்டார். பெயருக்கு எதிரே தொழில் என்று ஒரு கட்டம் இருந்தது. காலை இழுத்து இழுத்து நடக்கிறவர், வாசலில் நாலு ஆடு கட்டி வைத்திருக்கிறார், அதைத்தான் எழுதப் போனேன். கையைப் பிடித்து நிறுத்தி, "மிளகு எடுக்கிறவன்னு எழுது" என்றார்.